லிங்கன் கோட்டைச் சிறையில் ஒரு மதியம்

லண்டனிலிருந்து ரயிலில், இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துக்குப் போயிருந்தேன். கோட்டைக்கு ஏறும் தெருவுக்குப் பெயர் ஸ்டீப் ஹில். பெயருக்கேற்ற ஏற்றம்தான், இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போய்ச் சேர்ந்தேன்.

கோட்டையில், 1215ல் இங்கிலாந்து அரசர் தந்த உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் மூலப் பிரதி ஒன்று இருக்கிறது. ஆனால் நான் வந்தது விக்டோரியா காலத்துச் சிறையைப் பார்க்க. 1848 முதல் 1878 வரை, முப்பதே வருடம் நடந்த சிறை. கைதிகளை ஒன்றாக அடைத்தால் ஒருவரை ஒருவர் கெடுப்பார்கள், தனியாகப் பைபிளோடு விட்டால் மனசாட்சி விழித்துக்கொள்ளும் என்பது அன்றைய நம்பிக்கை. லண்டன் பென்டன்வில் சிறையில் 1842ல் கொண்டுவந்த முறையைத்தான் இங்கேயும் பின்பற்றினார்கள்.

மாடியில் உள்ள பிரார்த்தனைக் கூடத்துக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. படிப்படியாக உயரும் வரிசைகள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மரக்கூண்டு. ஒருவன் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, அதற்கப்புறம்தான் அடுத்தவனை விடுவார்கள். நானும் ஒரு கூண்டுக்குள் போய் நின்றேன். இரண்டு பக்கமும் தலைக்கு மேல் பலகை. தோள் அசைக்க இடமில்லை. நேர் எதிரே பாதிரியார் நிற்கும் மேடை மட்டும் தெரிகிறது. பக்கத்துக் கூண்டில் என் கூட வந்த நண்பர் நின்றார். அவர் இருமியது காதில் விழுந்தது, முகம் தெரியவில்லை. அப்புறம் மேடையில் ஏறிப் பார்த்தேன். அங்கிருந்து எல்லாக் கூண்டும் தெரிகிறது. கடவுளைக் கும்பிடும் இடத்தில்கூட ஒரு மனித முகம் பார்க்கக் கிடைக்காதபடி தச்சர்கள் எவ்வளவு நுணுக்கமாக இழைத்திருக்கிறார்கள்! இதைச் செய்தவர்கள் நல்லது செய்வதாகவே நம்பினார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

1859 வரை இந்தக் கோட்டையின் காப் ஹால் கோபுரத்து உச்சியில், ஊர் பார்க்கத் தூக்கில் போட்டார்கள். 1868ல் சட்டம் மாறி, தூக்கு மதிலுக்குள் போயிற்று. அந்த வருடம் டிசம்பர் 28 அன்று, இங்கே பிரிசில்லா பிகடைக் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். ஸ்டிக்னி கிராமத்துக்காரர். கணவருக்கு ஆர்செனிக் விஷம் வைத்தார் என்பது வழக்கு. நான் செய்யவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தூக்கிலிட்டவர்களைப் புதைத்த இடம் லூசி டவர். கூரை இல்லாத வட்டமான கல்சுவர், உள்ளே புல்தரை. முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னச் சின்னக் கற்கள். பெயர் கிடையாது, தலைப்பெழுத்தும் தேதியும்தான். ஒரு கல்லில் பாசியை விரலால் தள்ளிப் பார்த்தேன், எழுத்து பாதி அழிந்திருந்தது.

பிகடைக் வீட்டில் வாடகைக்கு இருந்த தாமஸ் ப்ராக்டர், 1882ல் சாகும் தறுவாயில், விஷம் வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அதற்குள் அந்த அம்மாவைப் புதைத்துப் பதினாலு வருடம் ஆகியிருந்தது.