கடைக்கோடி டிஎஸ்எல் லைனுக்கு மோடம் வாங்கிய அனுபவம்

எங்கள் வீடு டெலிபோன் லைனின் கடைக்கோடியில் இருக்கிறது. ஃபைபர் இந்தப் பக்கம் வரவில்லை, மொபைல் சிக்னலும் வீட்டுக்குள் நிற்பதில்லை. இருப்பது டிஎஸ்எல், அதாவது டெலிபோன் கம்பி வழியாக வரும் இணையம் மட்டும்தான். அதுவும் மழை பெய்தால் அறுந்து அறுந்து வரும். நல்ல மோடமாக வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. லைன் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பார்க்க வேண்டியவை அட்டென்யுவேஷன், எஸ்என்ஆர் மார்ஜின் (இணைப்பு நிற்கத் தேவையானதைவிட சிக்னல் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்ற அளவு), சிஆர்சி எரர் (வழியில் கெட்டுப்போன தரவின் எண்ணிக்கை). அட்டென்யுவேஷன் என்பது கம்பியில் வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்ற அளவு. கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று தோராயமாகக் கணக்கு வைக்கலாம். எங்கள் லைனில் அது 56. அதாவது எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் செம்புக் கம்பி. எந்த மோடமும் அந்தத் தூரத்தைக் குறைக்காது. டிஎஸ்எல்லின் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2+ 24 எம்பிபிஎஸ் வரை தரும் என்பது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். அது கூடுதலாகப் பயன்படுத்தும் 1.1 முதல் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை இவ்வளவு தூரம் வந்து சேர்வதே இல்லை.

மார்ஜின்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. சாதாரணமாக 6 டெசிபல் இருந்தால் லைன் தாங்கும். எங்களுக்கு மாலையில் 2-க்கு இறங்கி, அப்புறம் சிங்க், அதாவது எக்ஸ்சேஞ்சோடு மோடத்துக்கு இருக்கும் இணைப்பு, போய்விடும். கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று தெரிந்துகொள்ள, மற்ற போன், நீட்டிப்பு வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் சாக்கெட்டில் மோடத்தை நேரடியாகச் சொருகினேன். உடனே மார்ஜின் 3 டெசிபல் ஏறியது! மாடிக்குப் போன பழைய வயர்தான் இரைச்சலை இழுத்துக்கொண்டிருந்தது. அதை நிரந்தரமாகத் துண்டித்துவிட்டு, போனுக்கும் மோடத்துக்கும் அங்கேயே சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்தேன். மோடம் வாங்க நினைக்கும் யாரும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். காசு செலவே இல்லை.

அதன் பிறகுதான் மோடம். நான் பார்த்தது சிப்பை. சில மோடங்களின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் எதிர்முனை டிஎஸ்லாமின் (எக்ஸ்சேஞ்ச் பக்கம் இருக்கும் கருவி) சிப் யாருடையது என்பதும் தெரியும். எங்களுடையதில் பிடிசிஎம் என்று இருந்தது, அது பிராட்காம் என்ற சிப் நிறுவனத்தின் குறியீடு. இரண்டு பக்கமும் ஒரே நிறுவன சிப்பாக இருந்தால் நீளமான லைனில் சிங்க் பெரும்பாலும் நன்றாக நிற்கும் என்பதால், பிராட்காம் சிப் உள்ள, அந்தக் கூடுதல் அலைவரிசை இல்லாத ஏடிஎஸ்எல்2-ஐ மட்டும் தேர்வுசெய்ய வசதியுள்ள, பிரிட்ஜ் மோடு (ரவுட்டர் வேலையைத் தனி ரவுட்டரிடம் விட்டுவிடும் வசதி) உள்ள மோடத்தைத் தேடி எடுத்தேன். வைஃபை எப்படி இருக்கிறது என்று பார்க்கவே இல்லை, அதற்குத் தனி ரவுட்டர் இருக்கிறது. சிங்க் வேகம் 2.1-லிருந்து 2.8 எம்பிபிஎஸ் ஆனது. இதில் கையில் கிடைப்பது 2.4 அளவுதான். ஏடிஎஸ்எல்லில் தரவு ஏடிஎம் செல்கள் எனப்படும் 53 பைட் துண்டுகளாகப் போகிறது, அதில் 5 பைட் தலைப்புக்கே போய்விடும்.

எண்ணில் பார்த்தால் இது சின்ன முன்னேற்றம்தான். வீட்டில் இருப்பவர்கள் உணர்ந்த மாற்றம் ரவுட்டரில் வந்தது. யாராவது போனில் எடுத்த படங்கள் மேலே ஏற ஆரம்பித்தால் மொத்த இணையமும் உறைந்துவிடும். அப்லோடு வெறும் 448 கேபிபிஎஸ். அது நிரம்பியதும் மோடத்தில் பாக்கெட்டுகள் வரிசையில் தேங்கி, 50 மில்லிசெகண்டில் வர வேண்டிய பிங் பதில் ஒரு செகண்டைத் தாண்டும். மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஓடும் ரவுட்டரில், வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் வசதியை வைத்தேன். கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு திசையிலும் வேகத்தை சிங்கில் 85 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தி, லைன் ஏடிஎம் என்றும் ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் கூடுதலாகச் சேரும் சுமை) 44 பைட் என்றும் குறிப்பிட்டேன். இந்த ஏடிஎம் விவரத்தைக் கொடுக்காமல் விட்டால் கணக்கு தப்பும், வரிசை மறுபடியும் மோடத்தில் போய்த் தேங்கும். இப்போது படங்கள் ஏறும்போதே இன்னொருவர் வீடியோ காலில் தடங்கலில்லாமல் பேசுகிறார். 15 சதவீதத்தை விட்டுக்கொடுத்ததற்கு எனக்குத் துளியும் வருத்தமில்லை.

மழைக் கோளாறு மட்டும் மிச்சமிருந்தது. மழை நாளிலும் வெயில் நாளிலும் சிஆர்சி எரர் எண்ணிக்கையையும் மார்ஜினையும் நேரத்தோடு குறித்து வைத்தேன். "நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்று புகார் கொடுத்தபோதெல்லாம் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்ற பதில்தான் வந்தது. இந்தக் குறிப்பை அனுப்பிய பிறகு லைன்மேன் வந்தார். கம்பத்தில் இருந்த ஜாயின்ட்டைத் திறந்தார். கம்பி முனைகள் பச்சை பூத்து, உள்ளே ஈரம் கோத்திருந்தது. அதை வெட்டி எடுத்து, ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டு மூடினார். இந்த மழைக்காலத்தில் லைன் இன்னும் அறுபடவில்லை. இடி இடிக்கும்போது மட்டும் மோடத்தின் டெலிபோன் வயரையும் பவரையும் கழற்றி வைத்துவிடுகிறேன்.