அருணாச்சலின் முதல் சட்டமன்றத் தேர்தலில் பூத் வேலை பார்த்த அனுபவம்

1978 பிப்ரவரியில் அருணாச்சலப் பிரதேச மக்கள் முதன்முறையாகத் தங்கள் சட்டமன்றத்தைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது நான் சியாங் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். வாத்தியார் என்றால் எலெக்‌ஷன் டூட்டி எந்த ஊரிலும் தப்பாது. எனக்கும் ஆர்டர் வந்தது. ஒரு மலைக்கிராமத்துச் சாவடியில் இரண்டாவது வாக்குப்பதிவு அலுவலர் வேலை. அந்த வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன், அந்தத் தேர்தல் அங்கே வந்து சேர்ந்த வழியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் அந்த வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

நாட்டின் பெரும்பகுதியில் 1952லேயே பொதுத்தேர்தல் நடந்துவிட்டது. நேஃபா, அதாவது வடகிழக்கு எல்லைப்புற ஏஜென்சி, என்று அன்று அழைக்கப்பட்ட இந்த எல்லைப் பகுதிக்கு ஓட்டு இல்லை. அஸ்ஸாம் ஆளுநர் பெயரில், ஷில்லாங்கில் இருந்த அதிகாரிகள் நிர்வாகம் பார்த்தார்கள். அதுவும் 1965 வரை வெளியுறவு அமைச்சகத்தின் கீழ். உள்நாட்டு மக்களின் பள்ளிக்கூடமும் பாலமும் வெளியுறவுக் கோப்பில் இருந்தன. மக்களவைக்கு ஒரே ஒரு உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். முதலில் சௌ காமூன் கோஹாய்ன், பிறகு பாசிகாட் பக்கத்து அதி இனத்தவரான டாயிங் எரிங்.

இந்த டாயிங் எரிங்கைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை. 1964ல் அவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். கிராமம், வட்டாரம், மாவட்டம், அதற்கு மேல் முழுப் பிரதேசத்துக்கும் ஒரு மன்றம் என்று நான்கு அடுக்காக மக்கள் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1967ல் பஞ்சாயத்துராஜ் ஒழுங்குமுறை வந்தது அதன் பலன்தான். மேல் அடுக்கான ஏஜென்சி கவுன்சில், 1972 ஜனவரியில் நேஃபா யூனியன் பிரதேசமாகி அருணாச்சலப் பிரதேசம் என்ற பெயர் பெற்ற பிறகு பிரதேச கவுன்சில் ஆனது. 1975 ஆகஸ்ட் 15ல் அதையே தற்காலிகச் சட்டமன்றமாக மாற்றினார்கள். பிரேம் காண்டு துங்கன் முதலமைச்சர். வயது 29. இத்தனையும் படிப்படியாக மேலிருந்து இறங்கி வந்ததைப் போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் கீழே இருந்து கேட்ட குரல் இருந்தது. எரிங் போன்றவர்கள் டெல்லியில் உட்கார்ந்து வாதாடி வாங்கியது அது. 1970ல் அவர் இறந்துவிட்டார், இந்தத் தேர்தலைப் பார்க்கவில்லை.

சரி, பூத் வேலைக்கு வருகிறேன்.

மாவட்டத் தலைமையிடம் அலோங். அங்கேதான் பயிற்சி. வாக்குப்பெட்டியை எப்படித் திறப்பது, எப்படிப் பூட்டுவது, காகித சீலை எங்கே வைப்பது, அரக்கு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்கள். எங்கள் குழுவின் தலைமை அலுவலர் அஸ்ஸாம்காரர், நிதானமான மனிதர். சாமான்களை வாங்கும்போது பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். வாக்குச்சீட்டுக் கட்டுகளின் வரிசை எண், அழியா மைக் குப்பி மூடி சரியாக இருக்கிறதா, அம்பு முத்திரை எத்தனை, மெழுகுவர்த்தி, சணல், கோணி ஊசி. மலையேறிப் போன பிறகு ஒரு ஸ்டாம்ப் பேட் காய்ந்திருக்கிறது என்று திரும்பி வர முடியாது. டூட்டிக்குப் போகும் எவருக்கும் நான் சொல்வது அதைத்தான்: விநியோக மேசையில் அவசரப்படாதீர்கள்.

ஜீப் போகும் வரை ஜீப். அதற்கு மேல் நடை. பெட்டிகளையும் மூட்டைகளையும் போர்ட்டர்கள் சுமந்தார்கள். முதுகில் மூங்கில் கூடை, அதன் பட்டை நெற்றியில். வாக்குச்சீட்டுகள் மட்டும் தலைமை அலுவலரின் தோளை விட்டு இறங்கவில்லை. வழியில் பிரம்பும் மூங்கிலும் கொண்டு பின்னிய தொங்குபாலம் ஒன்று. போர்ட்டர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், கடைசியாகப் பெட்டி போனது. பெட்டியைச் சுமந்தவர் இளைஞர். பாலத்தின் நடுவில் நின்று பட்டையை ஒருமுறை சரிசெய்துகொண்டபோது கரையில் நின்ற போலீஸ்காரர் மூச்சுவிடவில்லை.

நாங்கள் போனது மின்யோங் கிராமம். அதி இனத்தில் ஒரு பிரிவு அவர்கள். இந்தச் சியாங் பள்ளத்தாக்கில்தான், கொம்சிங் என்ற ஊரில், 1911ல் நோயல் வில்லியம்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி கொல்லப்பட்டார். பதிலுக்குப் பெரும்படை வந்து கிராமங்களை அடக்கியது. அந்தப் படையெடுப்பைக் கண்ணால் பார்த்தவர்களின் பிள்ளைகள் 1978ல் கிழவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் அரசாங்கம் என்றால் துப்பாக்கி என்று கேட்டு வளர்ந்தவர்கள். இந்தமுறை அரசாங்கம் ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, நீங்கள் யாரை அனுப்புகிறீர்கள் என்று கேட்டது.

அந்த ஊருக்கு ஆட்சி நடத்தத் தெரியாது என்று நினைத்தால் அது பெரிய தவறு. கெபாங் என்று அவர்களுக்கு ஊர்ச்சபை உண்டு. நிலத்தகராறு, திருட்டு, மிதுன் மாடு பயிரை மேய்ந்தது, பக்கத்து ஊரோடு காட்டு எல்லை, எல்லாம் அங்கே பேசித் தீர்ப்பார்கள். அவரவர் எழுந்து வாதம் வைப்பார்கள். பேச்சு நாள்கணக்கில் போகும், எல்லோரும் ஒத்துவரும்வரை விடமாட்டார்கள். கை தூக்கி எண்ணும் வழக்கம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் தனியாகத் தட்டிக்குள் போய், யாரிடமும் சொல்லாமல், ஒரு குத்து குத்திவிட்டு வா என்றால் எப்படி இருக்கும்? முந்தைய ஆண்டு மக்களவைத் தேர்தலில் பல தொகுதிகளில் நாடு ஓட்டுப் போட்டபோது, அருணாச்சலின் மேற்குத் தொகுதியில் போட்டியே இல்லை. கிழக்குத் தொகுதியில் மட்டும் பெட்டி வைத்தார்கள், சுயேச்சையாக நின்ற பாகின் பெர்டின் ஜெயித்தார். ஆக, இது இன்னும் பழகாத வேலைதான்.

முந்தின நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்தோம். சிவப்புக் கோட்டு போட்ட காவ்ன் புரா, அதாவது அரசு அங்கீகரித்த ஊர்த்தலைவர், எங்களுக்கு இடம் ஒதுக்கினார். சோறும் மூங்கில் குருத்துப் போட்ட கறியும் வந்தன. அபோங் மதுவும் வந்தது. ஓட்டு முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று தலைமை அலுவலர் எங்களிடம் மெல்லச் சொன்னார். காவ்ன் புராவுக்குக் கொடோக்கி, அதாவது அரசாங்க மொழிபெயர்ப்பாளர், அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். காவ்ன் புரா கொஞ்சமும் வருத்தப்படவில்லை. கெபாங்கில் தீர்ப்புச் சொல்லப்போகிறவனும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

காலையில் பெட்டியைத் திறந்து காலி என்று ஏஜெண்டுகளுக்குக் காட்டினோம். அவர்கள் பார்த்தது போதாது என்று ஊர்ப் பெரியவர்களும் வந்து உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்கள். காகித சீலில் கையெழுத்துகள், பிறகு பூட்டு, அரக்கு. மூங்கில் தட்டியால் மறைப்பு ஏற்கெனவே கட்டியிருந்தார்கள்.

என் வேலை விரலில் மை வைப்பது, சீட்டின் அடிக்கட்டையில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது. நெருக்கடி எல்லாம் எனக்குப் பக்கத்தில், முதல் அலுவலரிடம் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர்கள் தாறுமாறாக இருந்தன. காதில் விழுந்ததை எழுதியிருந்தார்கள். ஒரே பெயர் மாதிரி நாலு பேர். தகப்பன் பெயரைக் கேட்டுத்தான் பிரித்தோம். தானி என்ற மூதாதையின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் இந்த மக்களிடம் ஒரு பழைய வழக்கம்: தகப்பன் பெயரின் கடைசி அசை மகன் பெயரின் முதல் அசையாக வரும். வம்சத்தைப் பாட்டன் பூட்டன் வரை அப்படியே கோத்துச் சொல்வார்கள். எழுத்துப் பிழையான பெயரைக்கூட அந்தச் சங்கிலியில் வைத்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். பெரியவர் ஒருவர் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தார். எந்தக் கட்சி ஏஜெண்டும் அவர் சொல்லை மறுக்கவில்லை.

வயதுக்கும் அதே பாடு. அப்போது ஓட்டுப் போடும் வயது 21. பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? ஒரு பெண்ணுக்கு வயது போதாது என்று ஏஜெண்ட் ஒருவர் ஆட்சேபம் சொன்னார். சின்ன உருவம், முதுகில் குழந்தை. காவ்ன் புரா கேட்டது ஒரே கேள்வி: பெரிய நிலநடுக்கத்தின்போது இவள் எங்கே இருந்தாள்? அம்மா முதுகில் இருந்தாள் என்று கூட்டத்திலிருந்து மூன்று குரல் வந்தது. 1950 ஆகஸ்ட் 15ல் வந்த நிலநடுக்கம் அது. மலைகள் சரிந்து ஆற்றை அடைத்து, பிறகு வெள்ளம் உடைத்துக்கொண்டு போனது. அந்தப் பக்கத்தில் எல்லோருடைய வயதும் அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் கணக்கு. அப்போதே பிறந்திருந்தால் 27 ஆகிவிட்டது. ஆட்சேபம் போயிற்று. அந்தப் பெண் விரலை நீட்டினாள், நான் மை வைத்தேன்.

பிற்பகலில் ஒரு முதியவர் வந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் போகாமல், நடுவில் நின்று தான் யாருக்குப் போடுகிறேன் என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். கொடோக்கி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். முதியவருக்குக் கோபம். மனதில் இருப்பதைச் சபையில் சொல்லாதவன் என்ன ஆம்பளை என்று கேட்டார். தலைமை அலுவலர் எழுந்து போய், பக்கத்தில் நின்று, கொடோக்கி மூலமாகச் சொன்னார்: ஐயா, உங்களுக்குப் பயமில்லை, எனக்குத் தெரியும். உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களில் பயப்படுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் இந்தத் தட்டி. முதியவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் குத்திவிட்டு வந்தார்.

அந்தத் தலைமை அலுவலர் சொன்னதுதான் அந்தத் தேர்தலின் சாரம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பேசி முடிவெடுப்பதை அந்த மலைக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கெபாங்கில் பேசியது ஆண்கள்தான். பெண்கள் ஏதாவது வழக்கில் கட்சிக்காரராக இருந்தால் வந்து சொல்வார்கள், தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கு குறைவு. பெட்டி முன்னால் காவ்ன் புராவுக்கும் ஒரு சீட்டு, குழந்தையை முதுகில் கட்டிய பெண்ணுக்கும் ஒரு சீட்டு. இதை ஊர் கவனித்தது. பெண்கள் வீட்டில் கேட்டு வந்து போட்டார்களா, தாங்களே முடிவு செய்தார்களா என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை. தட்டிக்குள் அவர்கள் தனியாக இருந்தார்கள், அது போதும். அடுத்த 1980 தேர்தலில் நியாரி வெல்லி என்ற பெண்மணி ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார்.

நேரம் முடிந்தபோது இன்னும் ஆட்கள் நின்றார்கள். விதிப்படி வரிசையின் கடைசி ஆளிடமிருந்து ஆரம்பித்துச் சீட்டு கொடுத்துக்கொண்டே வந்தோம், அதற்குப் பின்னால் யாரும் சேர முடியாது. அப்புறம் பெட்டியின் வாயை அடைத்து, துணி சுற்றித் தைத்து, அரக்கு வைத்து, சீட்டுக் கணக்கு எழுதினோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கணக்கு நேராகும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று ராத்திரி அபோங் வந்தபோது தலைமை அலுவலரே முதலில் வாங்கிக்கொண்டார்.

முடிவு வந்தது. மொத்தம் 30 இடத்தில் ஜனதா 17, பீப்பிள்ஸ் பார்ட்டி ஆஃப் அருணாச்சல் 8, சுயேச்சைகள் 5. துங்கனே மறுபடி முதலமைச்சர். முழுக்க இந்தப் பிரதேசத்திலேயே பிறந்த ஒரு கட்சி முதல் தேர்தலிலேயே எட்டு இடம் பிடித்ததை அப்போது வெளியே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது முக்கியமாகப் பட்டது. டெல்லியில் காற்று அடிக்கிற பக்கம் சாயாமல், தங்களுக்கென்று ஒரு கட்சி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள்.

அந்தச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் குறைவுதான். மேலே துணைநிலை ஆளுநர், அவருக்கும் மேலே மத்திய அரசு. 1979ல் கட்சித்தாவல் வந்து துங்கன் அரசு விழுந்தது. டோமோ ரிபா கொஞ்சகாலம் முதலமைச்சராக இருந்தார், பிறகு குடியரசுத் தலைவர் ஆட்சி. இதைப் பார்த்து, இவர்களுக்கு இதெல்லாம் தேவையா என்று என்னிடமே சொன்ன அதிகாரிகள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. ஆட்சி விழாத மாநிலம் இந்தியாவில் எது? விழுந்த ஆட்சிக்குப் பதில் இன்னொன்றைக் கொண்டுவர 1980ல் மறுபடி பெட்டி வந்தது. அந்த டூட்டிக்கும் போனேன். பெயர்களைக் கோத்துச் சொல்லப் பெரியவர் தேவைப்பட்டார், வரிசையை யாரும் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கவில்லை.

முழு மாநில அந்தஸ்து 1987 பிப்ரவரி 20ல் கிடைத்தது. 1990 தேர்தலில் இடங்கள் 30லிருந்து 60 ஆயின. 83,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் மலையும் காடுமாக இருக்கும் ஒரு நிலத்தில் இதற்கு அர்த்தம் உண்டு: ஒரு உறுப்பினர் நடந்து சுற்ற வேண்டிய தொகுதி சராசரியாகப் பாதியானது. பாலம் கேட்கப் போகிறவருக்கும் அவரைத் தேடிப் போகும் வழி அந்த அளவுக்குக் குறைந்தது.