சின்ன அத்தையின் ஜன்னி

பாரிசின் புறநகரான சார்செல்லுக்கு வந்து ஐந்தாவது மாதம். வயிற்றில் மூன்று மாதக் குழந்தை. மருத்துவச்சி கணினியைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், அறுவை சிகிச்சை. பிறகு, "குடும்பத்தில் யாருக்காவது ஃபிளெபித் வந்ததுண்டா?" என்றார். என் பிரெஞ்சு அப்போது ரொட்டிக் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த கணவர், "நரம்பில் ரத்தம் உறைந்துபோவது" என்று சொல்லிக் கொடுத்தார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு நோயின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இல்லை என்றேன்.

அன்றிரவு பருப்பு தாளித்துக்கொண்டே அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் எனக்கு மாமியார் மட்டுமல்ல, என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காவும்கூட. தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக, இருந்தவர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் ஒருவர். அந்தக் காகிதத்தின் பலத்தில்தான் அத்தை இங்கே வந்தார், முப்பது ஆண்டுகள் அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கினார், பிறகு தம்பி மகளான என்னை மருமகளாக அழைத்துக்கொண்டார். அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் இல்லையென்று சொன்னாய்? உன் நாத்தனார் பிறந்து ஒரு வாரத்தில் என் இடது கால் பூசணிக்காய் போல வீங்கியதே. அதற்கு இந்த ஊரில் ஃபிளெபித் என்றுதானே சொன்னார்கள்?"

கணவருக்கே இது புதுச் செய்தி. பிரசவச் சங்கதிகளை மகனிடம் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அத்தை சற்று நேரம் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் என் தங்கை?" என்றார்.

சின்ன அத்தையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வாக்கியம்: பிள்ளை பெற்றாள், ஜன்னி கண்டு செத்தாள். 1993, சித்திரை வெயில். பாட்டி வீட்டின் இருட்டறையில் பத்தாம் நாள் தலைவலி என்றாளாம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது என்று நாளுக்கு இரண்டு டம்ளர்தான் கொடுத்தார்கள். மறுநாள் வலிப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நினைவு தப்பிவிட்டது. ஜன்னி என்றார்கள், பேய்க்காற்று என்றும் சொன்னார்கள். அதோடு கதையை முடித்துக்கொண்டார்கள்.

அடுத்த முறை போனபோது எல்லாவற்றையும் சொன்னோம். அத்தையே கூட வந்து, தான் அறிந்த பிரெஞ்சில் தங்கையின் கடைசி இரண்டு நாட்களைச் சொன்னார். ரத்த நோய் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுவரும் சிரைகளில் உறைகட்டி அடைத்துக்கொண்டால் தலைவலியும் வலிப்பும் இப்படித்தான் வரும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் அந்த ஆபத்து கூடும், உடம்பில் நீர் வற்றினால் இன்னும் கூடும் என்றார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு உறுதி செய்ய வழியில்லை, ஆனால் இரண்டு சகோதரிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் சந்தேகம் வலுக்கிறது என்றார். நான் ஜன்னியைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவசியமே இருக்கவில்லை.

மரபணுச் சோதனைக்கு எழுத்து மூலம் சம்மதம் கேட்பது இங்கே சட்டம். கையெழுத்துப் போட்டேன். முதலில் பார்த்தது ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் இரண்டு மரபணு மாற்றங்களை. ஒன்று, 'ஃபாக்டர் ஐந்து லைடன்'. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பெயர். மற்றொன்று ரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ளது; 1996இல் அதே ஊர் ஆய்வாளர்கள் கண்டது. எனக்கு இரண்டுமே இல்லை என்று முடிவு வந்தது. அன்று மாலை கேசரி கிளறினேன். அடுத்த வாரம் மருத்துவர் முகத்தில் அந்த நிம்மதி இல்லை.

அவர் விளக்கியதை இன்றும் வரி வரியாகச் சொல்வேன். ஃபாக்டர் ஐந்து லைடன் ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இருக்கிறது. ஆப்பிரிக்காவின் பூர்வ குடிகளிடமும் சீன, ஜப்பானிய மக்களிடமும் அதைக் காண்பது அரிது. இருபதாயிரம், முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன், மனிதக் கூட்டங்கள் பிரிந்துபோன பிறகு, யாரோ ஒரு மூதாதையிடம் தோன்றி அவர் வழியில் பரவியது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. புரோத்ராம்பின் மாற்றமும் அப்படியே. ஐரோப்பாவில் நூற்றுக்கு இரண்டு பேர், ஆசியாவில் மிகக் குறைவு. ஆகவே இங்கே வழக்கமாகத் தேடுவது இங்குள்ள மக்களிடம் அதிகம் இருப்பதைத்தான். "உங்கள் ரத்தத்தில் அது இல்லை என்றால், தேடிய இடத்தில் இல்லை என்று மட்டும்தான் பொருள்" என்றார். ஜப்பானில், ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்த உதவும் புரோட்டீன் எஸ் என்ற புரதத்தின் மரபணுவில் வேறொரு மாற்றம். ஐம்பத்தைந்து பேருக்கு ஒருவரிடம் உண்டு. ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் ரத்தம் உறைவதற்கு அதனதன் வழி.

ரத்தம் உறையத் தொடங்கினால் எங்கோ ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிறுத்துவது கல்லீரலில் உற்பத்தியாகும் புரோட்டீன் சி. அது கத்தரி போல, ரத்தத்தை உறையவைக்கும் ஐந்தாம் காரணியையும் (அதுதான் ஃபாக்டர் ஐந்து) எட்டாம் காரணியையும் நறுக்கிவிடும். லைடன் மாற்றத்தில் ஐந்தாம் காரணி என்ற துணி கத்தரிக்கு மசிவதில்லை. வேறு சில குடும்பங்களில் துணி சரியாக இருக்கும், கத்தரிதான் பாதி. ஐந்தாம் காரணி கத்தரிக்கு மசியாத அந்த நிலையை சுவீடனில் டால்பெக் என்ற ஆய்வாளர் முதன்முதலில் எழுதியது 1993இல். சின்ன அத்தை செத்த அதே ஆண்டு. இதை அறிந்தபோது ஏனோ அழுதேன். அவளுக்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தும் அழுதேன்.

கர்ப்ப காலத்தில் புரோட்டீன் எஸ் எல்லோருக்கும் தானாகவே இறங்கிவிடும், அளந்து பயனில்லை. புரோட்டீன் சி அப்படி இறங்காது, அளக்கலாம். அளந்தார்கள். எனக்கு இயல்பில் பாதி. முத்தியால்பேட்டையில் அப்பா ரத்தம் கொடுத்தார், அவருக்கும் பாதி. அறுபது வயதுவரை அவருக்கு ஒரு கால்வீக்கம்கூட வந்ததில்லை. பாதி இருப்பவர்களில் பலர் அப்படியே வாழ்ந்து முடித்துவிடுவார்களாம்.

அத்தைக்கும் குறைவு. பிறகுதான் உண்மையான பயம் வந்தது. என் கணவர் அத்தை மகன். எங்கள் இருவருக்கும் ஒரே பாட்டி. அவரிடமும் அதே குறை இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும். கத்தரியே இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலேயே தோலெங்கும் ரத்தம் உறைந்து கறுக்கும். உறவு விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் கட்டிவைத்த கல்யாணத்தை அந்தப் பத்து நாட்கள் நான் ஒவ்வொரு இரவும் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அவருக்கு இயல்பான அளவு என்று தொலைபேசியில் சொன்னபோது பஸ் நிறுத்தத்தில் பனியில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று பஸ்களை விட்டுவிட்டேன்.

ஏழாம் மாதம் முதல் தினமும் வயிற்றில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி. முதல் வாரம் செவிலியர் வீட்டுக்கே வந்து போட்டார், பிறகு நானே கற்றுக்கொண்டேன். பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்க மருந்துக் கடையில் மஞ்சள் டப்பா இலவசம். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம். பத்தியக் குழம்பு வைத்துத் தந்த அத்தை, மணிக்கொருமுறை ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

கையெழுத்திட்ட காகிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: ஆபத்து இருக்கக்கூடிய உறவினருக்குச் சொல்வது என் கடமை. அப்பா தயங்கினார். "வரன் பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள், ரத்தத்தில் குறை என்று வெளியே போனால் என்ன ஆகும்?" என்றார். நான் கோபப்பட்டேன். 1993இல் சொல்லாமல் விட்டதற்கு அறியாமை காரணம். இப்போது அதைச் சொல்லித் தப்ப முடியாது.

சின்ன அத்தை பெற்றுப்போட்ட பெண் வில்லியனூரில் இருக்கிறாள். திருமணமாகி எட்டு மாதம். தாயை விழுங்கிக்கொண்டு பிறந்தவள் என்று காதுபடக் கேட்டு வளர்ந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு, முதலிலிருந்து சொன்னேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், பிள்ளை உண்டானால் முதல் நாளே சொல்லிவிடு, அதற்கு முன் ரத்தம் பார்த்துக்கொள் என்றேன். நெடுநேரம் பேச்சில்லை. பின்னால் எங்கோ பிரஷர் குக்கர் விசிலடித்தது.

"அப்படியானால் அம்மாவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லையா, அண்ணி?"

"நீ ஒன்றும் செய்யவில்லை."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அந்தச் சோதனையின் பெயரைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். நாளை காலை போகிறேன்" என்றாள்.