சேஃப்டி டிப்ளமோ: மின்காந்தப் புலம் கேள்வியைச் சாய்ஸில் விடாதீர்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். இனி யாராவது "டிப்ளமோ முடிச்சாச்சா?" என்று கேட்டால் பேச்சை மாற்ற வேண்டியதில்லை. அந்த நிம்மதி ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

மொத்தத் தேர்வுக்கும் இது வழிகாட்டி இல்லை. ஃபேக்டரி சட்டமா புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பா (கோட்) என்ற சட்டப் பேப்பர் குழப்பத்தை வேறு யாரிடமாவது கேளுங்கள், எனக்கே அதில் தட்டுத் தடுமாறித்தான் மார்க் வந்தது. என்னைக் கரையேற்றியது தொழில் சுகாதாரப் பேப்பர். அதிலும் எல்லோரும் சத்தம், தூசி, வெப்பம் என்று படித்துவிட்டு ஒதுக்கிவைக்கும் கதிர்வீச்சுக் கேள்விதான். எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு ஃபவுண்டரி மெயின்டனன்ஸில் இருப்பவன் என்பதால் எனக்கு இது சுலபம் என்று நினைக்கலாம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் மெக்கானிக்கல்காரர்களும் ஒரே ஒரு பழக்கத்தை வைத்து இதை முழுசாக எழுதலாம்.

முதலில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நான் போன கோச்சிங்கில் தந்த நோட்ஸில் கதிர்வீச்சு என்றால் டிஎல்டி பேட்ஜ் (உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அட்டை), ஈயக் கவசம், வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், அவ்வளவுதான். எக்ஸ்ரே, காமா சமாசாரத்துக்கு அது சரி. கேள்வியில் "அயனியாக்காத கதிர்வீச்சு" என்று, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்காத மின்காந்தப் புலம் போன்ற வகையை, தெளிவாகக் கேட்டிருந்தும் அதையே எழுதிவிட்டு வந்தவர்கள் எங்கள் பேட்ச்சில் உண்டு. தூண்டல் உலைக்கு (காயிலின் மாறும் காந்தப்புலத்தால் இரும்பை உருக்கும் இண்டக்ஷன் ஃபர்னஸ்) முன்னால் டிஎல்டி பேட்ஜ் மாட்டிக்கொண்டு நின்றால் அது எதையும் காட்டாது. செல்போன் டவரில் ஏறுகிறவருக்கு ஈய ஏப்ரன் கொடுத்தால் பாவம், சுமைதான் கூடும்.

சரி, அந்த ஒரு பழக்கம் என்னவென்றால், விடையின் முதல் வரியில் அதிர்வெண்ணை எழுதுங்கள். கேள்வி எதுவானாலும், எந்த இயந்திரமானாலும். உடம்பில் என்ன விளைவு, எந்த வரம்பு, எந்த மீட்டர், எந்தத் தடுப்பு எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் ஷாப்பிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு இடத்தில் காந்தப்புலம் 400 மைக்ரோடெஸ்லா என்று மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தா இல்லையா? பஸ்பார் (பெரிய மின்னோட்டம் ஓடும் உலோகப் பட்டை) பக்கத்தில், 50 ஹெர்ட்ஸில் என்றால் பணியாளருக்கான ஐசிஎன்ஐஆர்பி (அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம்) 2010 அளவு 1000 மைக்ரோடெஸ்லா, தாராளமாக உள்ளே இருக்கிறது. அதே 400, ஒரு கிலோஹெர்ட்ஸில் ஓடும் தூண்டல் உலை பக்கத்தில் என்றால் வரம்பு 300தான். தாண்டிவிட்டது. 300 ஹெர்ட்ஸிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை 0.3-ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் வரம்பு டெஸ்லாவில் வரும், அந்த ஒரு சூத்திரம் போதும். 500 ஹெர்ட்ஸ் உலைக்கு 600 மைக்ரோடெஸ்லா. இந்த ஒப்பீட்டை நான் தேர்வில் அப்படியே எழுதினேன், நான்கு வரிதான்.

மனப்பாடம் எனக்கு வராது. அதனால் கீழே உள்ளதை மட்டும்தான் ஒட்டுத்தாளில் எழுதி கண்ட்ரோல் பேனல் கதவில் ஒட்டி வைத்திருந்தேன்:

- 0 ஹெர்ட்ஸ், நிலையான காந்தப்புலம்: எம்ஆர்ஐ. இரும்பு பறக்கும். பேஸ்மேக்கருக்கு 0.5 மில்லிடெஸ்லா கோடு, அதாவது 5 காஸ்.
- 50 ஹெர்ட்ஸ்: துணைமின் நிலையம், ஸ்பாட் வெல்டிங். பணியாளர் 1000, பொதுமக்கள் 200 மைக்ரோடெஸ்லா. மின்புலம் 10, 5 கிலோவோல்ட்/மீட்டர்.
- 100 கிலோஹெர்ட்ஸ் வரை: நரம்பு, தசை தூண்டப்படுவதுதான் முக்கிய விளைவு.
- 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 300 ஜிகாஹெர்ட்ஸ்: உடம்பு சூடாவதுதான் முக்கிய விளைவு. முழு உடல் எஸ்ஏஆர் (ஒரு கிலோ உடம்பு உறிஞ்சும் ஆற்றல் வீதம்) பணியாளர் 0.4, பொதுமக்கள் 0.08 வாட்/கிலோ.
- அதற்கு மேல் அகச்சிவப்பு, ஒளி, புற ஊதா. இவை தனிக் கேள்வி, இதோடு குழப்பாதீர்கள்.

பழைய புத்தகங்களில் 50 ஹெர்ட்ஸுக்கு 500, 100 என்று இருக்கும். அது 1998 வழிகாட்டல். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் ஆண்டைப் போடாமல் எண்ணை மட்டும் எழுதினால் திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பு எது என்று உங்களுக்குத் தெரியாது. எண்ணோடு ஆண்டையும் எழுதுங்கள். ரேடியோ அதிர்வெண்ணுக்கு 2020 வழிகாட்டல். அதில் முழு உடலுக்குச் சராசரி எடுக்கும் நேரம் 30 நிமிடம், பழையதில் 6 நிமிடம். நம் 1948 ஃபேக்டரி சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைத் தேடிப் பார்க்காதீர்கள், அதில் இருப்பதெல்லாம் ரசாயனங்கள், மின்காந்தப் புலத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் ஐசிஎன்ஐஆர்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

"ஏன் இது அயனியாக்காது?" என்று இரண்டு மார்க்கில் கேட்டால், ஒரு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கச் சுமார் 10 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும், 900 மெகாஹெர்ட்ஸ் போட்டானின் ஆற்றல் ஒரு எலக்ட்ரான்வோல்ட்டின் பத்து லட்சத்தில் நான்கு பங்குகூட இல்லை என்று எழுதி முடித்துவிடுங்கள்.

இனி நான் நேரில் பார்த்தது. தூண்டல் உலை மேடையில் கசடு எடுக்கும் மெல்டர் ஒருவர் குனிந்து நிற்கும்போது வயிறு காயிலுக்கு மேல் விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். காயிலை விட்டு விலக விலகப் புலம் வேகமாக விழும். ஆகவே ஒரு அடி தள்ளி நின்றாலே பெரிய வித்தியாசம், நீளமான கைப்பிடி கொண்ட கரண்டி இங்கே பாதுகாப்புச் சாதனம். கசடு எடுக்கும்போது பவரைக் குறைப்பது அல்லது நிறுத்துவது அதைவிட நல்லது. ஸ்டீல் ஷெல் உலைகளில் காயிலைச் சுற்றி அடுக்குத் தகட்டு யோக் இருக்கும், அது காந்தப்பாயத்தை உள்ளேயே திருப்பிவிடும். சின்ன அலுமினியப் பெட்டி உலைகளில் அது இருக்காது, புலம் வெளியே பரவும். கேள்வியில் "பொறியியல் கட்டுப்பாடு" என்று வந்தால் யோக்கை எழுதுங்கள். நோட்ஸ் எதிலும் இது இல்லை.

எங்கள் மூத்த மெல்டர் அண்ணனிடம் மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். "ஏனுங்க தம்பி, கல்யாண மோதரமுங்க, இத்தன வருசமா கைல தான இருக்குது" என்றார். உலை பக்கத்தில் அது சூடாவதை உணர்ந்திருக்கிறாரா என்று கேட்டேன். "அது சுடுமுங்க, அனல்ல எல்லாந்தான சுடுது" என்றார். அனலுக்கு முகமும்தான் சுடும். ஆனால் மோதிரம் மட்டும் தனியாகச் சுட்டால் அது சுழல் மின்னோட்டம். மூடிய உலோக வளையத்தில் மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, உலைக்குள் இரும்பு உருகுவதும் அதே வேலைதான். வைவாவில் இதைச் சொன்னபோது எக்ஸாமினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெல்டிங்கில் கேபிள். எலக்ட்ரோடு கேபிளை மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வேலை செய்வதை எந்த ஷெட்டிலும் பார்க்கலாம். போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் சேர்ந்தே ஓடினால் இரண்டின் புலமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். பிரிந்து, நடுவில் ஆள் நின்றால் புலம் கூடும். ஆகவே இரண்டையும் உடம்புக்கு ஒரே பக்கத்தில் சேர்த்து விடுங்கள், உடம்பில் சுற்றாதீர்கள், எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பைசா செலவில்லை.

திருப்பூர் பக்கத்தில் இருப்பவர்கள் நூல் சாய ஆலையில் இருக்கும் ஆர்எஃப் டிரையரை (ரேடியோ அலையால் உலர்த்தும் மெஷின்) உதாரணமாக எடுங்கள். 27.12 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும்: சுமார் 11 மீட்டர். அதை 6.28-ஆல் வகுத்தால் 1.76 மீட்டர். பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர் அதற்குள்தான் இருக்கிறார், அதாவது மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் நிலையான விகிதம் இல்லாத அருகுப்புலத்தில். அங்கே மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும், தூரத்தில் செய்வது போல மின்புலத்தை 377-ஆல் வகுத்துக் காந்தப்புலத்தைக் கண்டுபிடிப்பது செல்லாது. இந்த ஒரு வரியை எழுதினால், விஷயம் தெரிந்தவன் எழுதியிருக்கிறான் என்று திருத்துபவருக்குப் புரிந்துவிடும். இந்த மெஷினில் பேனல் ஸ்க்ரூ அழகுக்கு இல்லை. மெயின்டனன்ஸ் முடித்து இரண்டு ஸ்க்ரூவை மாட்டாமல் விட்டால், தகட்டில் ஓடவேண்டிய மின்னோட்டத்தின் பாதை அறுந்து அந்த இடுக்கு வழியாகக் கசியும். பக்கத்தில் உள்ள உலோகத்தைத் தொட்டால் ஷாக் போல இல்லாமல் சுட்டுவிடும். கதவு இன்டர்லாக்கை பைபாஸ் செய்வதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

டவர் கணக்கு கண்டிப்பாகப் போட்டுப் பழகுங்கள். 40 வாட், ஆன்டெனா கெயின் (ஒரு திசையில் குவிக்கும் அளவு) 17 டெசிபெல், அதாவது 50 மடங்கு. பெருக்கினால் 2000 வாட். இதை 4π, தூரத்தின் வர்க்கம் இரண்டாலும் வகுத்தால் ஆற்றல் அடர்த்தி. பத்து மீட்டரில் 1.6 வாட்/சதுர மீட்டர். 900 மெகாஹெர்ட்ஸில் ஐசிஎன்ஐஆர்பி பணியாளர் அளவு 22.5, பொதுமக்கள் அளவு 4.5. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் டவர்களுக்குப் பொதுமக்கள் அளவில் பத்தில் ஒரு பங்கு என்று தொலைத்தொடர்புத் துறை வைத்தது, ஆகவே 0.45. தூரமாகத் திருப்பிப் போட்டால் 2.7 மீட்டர், 5.9 மீட்டர், 18.8 மீட்டர். மூன்றையும் எழுதுங்கள். இது ஆன்டெனாவின் நேர் முன்னால் மட்டும் என்றும் சேர்த்துவிடுங்கள், பேனல் ஆன்டெனாவின் பின்பக்கம் மிகக் குறைவு. ஆன்டெனா 2 மீட்டர் நீளம் என்றால் தூரப்புலம் 24 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும், அதற்குள் இந்தச் சூத்திரம் பொதுவாகக் கூடுதலாகவே காட்டும். பிழை பாதுகாப்பான பக்கமாகவே போகிறது என்பதால் பரவாயில்லை.

மீட்டர் கேள்விக்கும் அதே பழக்கம்தான். 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த மீட்டரை ஒரு கிலோஹெர்ட்ஸ் உலை பக்கத்தில் நீட்டினால் வரும் எண்ணை நம்ப முடியாது. மூன்று அச்சு புரோப், அதிர்வெண் வரம்பு, காலிபரேஷன் தேதி, இந்த மூன்றையும் குறிப்பிடுங்கள். போன் ஆப்பை வைத்து அளந்தேன் என்று புராஜெக்ட்டில் எழுதியவரை வைவாவில் வறுத்தெடுத்தார்கள்.

தடுப்பு உறைக்கு: மின்புலத்தை எர்த் செய்த எந்த உலோகமும் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை மெல்லிய அலுமினியத் தகடு தடுக்காது. அதற்குத் தூரம்தான் மலிவான மருந்து.

மறைமுக விளைவுகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேஸ்மேக்கர் குழம்புவது, உலோக இம்ப்ளான்ட் சூடாவது, எம்ஆர்ஐ அறைக்குள் சிலிண்டர் பாய்வது, மின்வெடிப்பானைத் தூண்டுவது, எரியும் ஆவி இருக்கும் இடத்தில் பொறி. மும்பையில் 2018 ஜனவரியில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன இளைஞர் இறந்தது நினைவிருக்கும். வரம்புக்குள் இருந்தாலும் இவை நடக்கலாம். ஏனென்றால் அந்த வரம்புகள் ஆளுக்கு, அவர் மார்பில் இருக்கும் கருவிக்கு இல்லை.

வைவாவில் எங்கள் பேட்ச்சில் கேட்டவை:

- "டவரால் கேன்சர் வருமாப்பா?" ஆமாம், இல்லை இரண்டுமே சொல்லாதீர்கள். ஐஏஆர்சி (உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு) 2011-இல் ரேடியோ அதிர்வெண்ணை 2பி பிரிவில் வைத்தது, 50 ஹெர்ட்ஸ் வகைக் காந்தப்புலத்தை 2002-லேயே அதே பிரிவில் வைத்திருந்தது. 2பி என்றால் "இருக்கக்கூடும்" என்ற அளவுச் சான்று. வரம்புகள் உறுதியான விளைவுகளை, அதாவது சூடாவதையும் நரம்பு தூண்டப்படுவதையும் வைத்து அமைந்தவை. இதோடு நிறுத்திவிடுங்கள்.
- மைக்ரோவேவ் அவனில் எவ்வளவு கசியலாம்? 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்.
- சூட்டில் முதலில் பாதிப்பது எது? கண் லென்ஸ், விதைப்பை. ரத்த ஓட்டம் குறைவு, சூடு வெளியேறாது.
- பேஸ்மேக்கர் வைத்த விசிட்டர் மெல்டிங் ஷாப்பைப் பார்க்க வந்தால்? கேட்டிலேயே கேட்க வேண்டும். எழுதிவைத்த போர்டு மட்டும் போதாது என்று எக்ஸாமினரே சேர்த்துக்கொண்டார்.

அப்புறம், பி (காந்தப்பாய அடர்த்தி), ஹெச் (காந்தப்புல வலிமை), எஸ் (பவர் அடர்த்தி) என்று மூன்று அளவுக்கும் அலகை எழுதாமல் விட்டால் மார்க் போகும். பவர் அடர்த்தியில் வாட்/சதுர மீட்டரும் மில்லிவாட்/சதுர சென்டிமீட்டரும் பத்து மடங்கு வித்தியாசம், முன்னதை பத்தால் வகுத்தால் பின்னது. தேர்வுக்கு முந்தின ராத்திரி புதிதாக எதையும் திறக்காமல் டவர் கணக்கை மட்டும் வேறு வேறு வாட்டில் போட்டுப் பாருங்கள். லேசர் வகைகளையும் ஆர்க் ஐ எனும் வெல்டிங் ஒளிக் கண் பாதிப்பையும் அடுத்த நாள் காலை பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.