பட்டுத் துணியில் பதிந்த கடல்

ஐரோப்பாவை ஒட்டிய வடகடலில் 1931ஆம் ஆண்டு முதல், உலகப் போர்க்கால இடைவெளி நீங்கலாக, சரக்குக் கப்பல்களின் பின்னே கட்டி இழுக்கப்படும் ஓர் உலோகக் கருவி, நீண்ட பட்டுத் துணிச் சுருளில் விலங்கு மிதவையுயிரிகளை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து வாழும் சிறு விலங்குகளை, சேகரித்து வருகிறது. ஆங்கிலேயக் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி வகுத்த அந்த முறை அதிகம் மாறாததால்தான் அன்றைய எண்ணிக்கையை இன்றையதோடு ஒப்பிட முடிகிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

அரிசி மணியளவே உள்ள கலானஸ் ஃபின்மார்கிகஸ் என்னும் குளிர்நீர் உயிரி அங்கே குறைந்து, வெதுநீரை விரும்பும் கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் பெருகியதை இத்தொடர் பதிவே காட்டியது. இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அவற்றின் ஐந்தாம் இணைக் கால்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்கும் பொறுமை எனக்கு வாய்க்காது. ஆனால் முன்னது வசந்தத்தில் பெருகுவது, பின்னது கோடையின் பிற்பகுதியில் பெருகுவது. ஆகவே வசந்தத்தில் பொரிக்கும் காட் மீன்குஞ்சுகளுக்கு உரிய வேளையில் இரை குறைந்துபோயிற்று.