செபுவானோ, குஜராத்தி: மேப்பை விரித்து வைத்துப் படியுங்கள்

மொழியியலில் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதி) தேர்வுக்குப் படிக்கிறவர்களை அலைக்கழிப்பது மொழி, குடும்பம், பேசப்படும் இடம் என்று பொருத்தச் சொல்லும் கேள்விகள். பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வறையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். நான் இரண்டிரண்டு மொழிகளாக எடுத்து, அவுட்லைன் மேப்பில் கலர் பென்சிலால் தீட்டிப் படித்தேன். மொழியின் தாய்மண்ணுக்கு அடர்நிறம், பேசுகிறவர்கள் குடிபெயர்ந்த இடங்களுக்கு வெளிர்நிறம். எனக்கு அதிகம் கற்றுத் தந்த ஜோடி செபுவானோவும் குஜராத்தியும்தான்.

செபுவானோ ஆஸ்திரோனேசியக் குடும்பத்து மொழி. இடம் என்று வரும்போது ‘பிலிப்பைன்ஸ்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. முதலில் செபு, பொஹோல், சிகிஹோர் தீவுகளை அடர்நிறமாக்குங்கள். நெக்ரோஸ் தீவில் கிழக்குப் பக்கம் மட்டும் தீட்ட வேண்டும். நடுவே மலைத்தொடர், அதற்கு மேற்கே ஹிலிகாய்னோன் என்ற வேறு மொழி. லெய்ட்டே தீவில் நேர்மாறு: மேற்கும் தெற்கும் செபுவானோ, வடகிழக்கில் வாராய் என்ற மொழி. தீட்டி முடித்துப் பாருங்கள், இரண்டு தீவுகளிலும் நிறம் ஏறியிருப்பது செபுவைப் பார்த்த கரையில்தான். படகில் போய்வரும் தூரத்தை ஒட்டியே மொழி பரவியிருக்கிறது. இதைக் கையால் வரைந்தவருக்கு அவ்வளவு சுலபத்தில் மறக்காது.

பிறகு தெற்கே மிந்தனாவோ தீவுக்கு வெளிர்நிறம். 20ஆம் நூற்றாண்டில் அரசின் குடியேற்றத் திட்டங்களை ஒட்டி செபு உள்ளிட்ட விசாயத் தீவுகளிலிருந்து ஏராளமானோர் நிலம் தேடி அங்கே போனார்கள். தாவோ, ககயான் தே ஓரோ நகரங்களின் தெருப்பேச்சு இன்று செபுவானோதான். அங்குள்ளவர்கள் பேச்சுவழக்கில் இதை ‘பிசாயா’ என்பார்கள். அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குஜராத்தி இந்தோ-ஆரிய மொழி. 1960 மே 1 அன்று பம்பாய் மாநிலத்தைப் பிரித்து உருவான குஜராத், அதோடு டாமன், டையூ, தாத்ரா நகர் ஹவேலி, மும்பை ஆகியவை இதன் இடங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5.5 கோடி பேர். மாநிலம் முழுவதையும் ஒரே நிறமாக்க முடியாது. கச்சில் சிந்திக்கு நெருக்கமான கச்சி, கிழக்கு மலையோரங்களில் பீலி என்று வேறு மொழிகளும் உண்டு.

வெளிர்நிறம் இங்கே கண்டம் தாண்டும். கென்யா, உகாண்டா, தான்சானியா என்று வணிகத்துக்குப் போய்த் தங்கியவர்கள் பலர். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்த ஆசியர்களை வெளியேற்றியபோது பெருந்தொகையானோர் பிரிட்டனுக்குப் போனார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குஜராத்தி இவ்வளவு கேட்பதற்கு அது முக்கியக் காரணம். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலிருந்து லெஸ்டருக்கு ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ஆண்டை எழுதிவிடுங்கள்.

நம் ஊர் மாணவர்களுக்கு ஒன்று. மதுரையில் பேசப்படும் சௌராஷ்டிரம் குஜராத்திக்கு உறவுள்ள மொழி, ஆனால் தனி மொழி. மதுரையைக் குஜராத்திக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து ஹிலிகாய்னோனையும் சிந்தியையும் எடுங்கள். இரண்டுக்கும் ஒரு பக்க எல்லையை ஏற்கெனவே வரைந்து வைத்திருப்பீர்கள்.