கல்லுப்பும் மயில்துத்தமும்

இங்க டொரன்டோல பனிக்காலம் வந்துட்டா காலைல எழுந்ததும் மொத வேலை வாசப்படில உப்பு தூவுறது தான். அந்தக் கல்லுப்ப கையில அள்ளுறப்பல்லாம் எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்துல நம்ம ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேபும் அங்க பாடம் எடுத்த சாரும் ஞாபகம் வந்துடும். 1988 பிளஸ் டூ செட்டுக்காரங்களுக்கு நான் எந்த சாரைச் சொல்றேன்னு தெரியும்.

ஒரு நாள் சார் ரெண்டு பீக்கர்ல கொதிக்கிற தண்ணி வச்சு, ஒண்ணுல சாப்பாட்டு உப்பு, இன்னொண்ணுல மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட், இனிமே கரையாதுங்கற வரைக்கும் போட்டுக் கலக்கி, தெளிவை மட்டும் வடிச்சு ஆற விட்டாரு. மறுநாள் பாத்தா துத்தம் நீலக் கல்லு கல்லா பூத்துக் கெடக்கு, உப்புல பேருக்குக் கொஞ்சம் பொடி. ஏன்டான்னாரு. யாருக்கும் சொல்லத் தெரியல. அவரும் சொல்லல, சனிக்கிழமை எங்க எல்லாரையும் பஸ்ஸுல பாண்டி தாண்டி மரக்காணம் உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

கண்ணு கூசுற வெயில்ல வரப்பு மேல நின்னு தான் பாடம். 100 கிராம் தண்ணில உப்பு ஆறுன நிலைல 36 கிராம் கரையும், கொதிச்சாலும் 39 தான், அப்பறம் ஆற வச்சு என்னடா கிடைக்கும், தண்ணியையே விரட்டணும், அதுக்குத்தான் இவ்ளோ பாத்தி இவ்ளோ வெயிலு, துத்தம் அப்படி இல்ல, கொதிக்கிற தண்ணில 100 கிராமுக்கு மேல கரையும், ஆறுனா முப்பத்திச் சொச்சம் தான் தாங்கும், மிச்சம் கல்லா வந்து தானே ஆகணும்னாரு. அந்த நிமிஷம் தான் எனக்குக் கரைசல்னா என்னன்னு நெஜமா புரிஞ்சுது.

அங்க வேலை செஞ்ச அக்கா ஒருத்தங்க, உப்பு விளையுற பாத்திக்கு முந்தின பாத்தி ஓரத்துல இருந்த வெள்ளைப் பொருக்க நகத்தால சொரண்டிக் காட்டி, இது உப்பு இல்ல தம்பின்னாங்க. வாயில வச்சுப் பாத்தேன், கரிக்கவே இல்ல, நறநறன்னு இருந்துச்சு. அது ஜிப்சம், கடல்தண்ணி சுண்டுறப்ப உப்புக்கு முன்னாடியே படிஞ்சிடும், சிமென்ட் சீக்கிரம் இறுகிடாம இருக்க இதைத்தான் சேக்குறாங்கன்னு சார் சொன்னாரு. உப்பு வாரின பிறகு நிக்கிற கசப்புத் தண்ணில மெக்னீசியம், அதை வடிச்சு விடலன்னா உப்பு கசக்கும், ஜாடியில கசிஞ்சுகிட்டே இருக்கும்.

இங்க தூவுற உப்புல நெறைய கோடெரிச்ங்கிற ஊர்ல, ஹூரான் ஏரிக்கு அடியில 500 மீட்டருக்கும் கீழ இருந்து வெட்டி எடுக்குறது. அதுவும் எப்பவோ வத்திப்போன கடல் தான். உப்பு கரைஞ்ச தண்ணி 0 டிகிரில உறையாது, அதனால பனி இளகுது, ஆனா மைனஸ் 10 தாண்டுனா ரொம்ப மெதுவா தான் வேலை செய்யும், மைனஸ் 21க்குக் கீழ சுத்தமா பிரயோஜனம் இல்ல. என் பொண்ணுக்கு இதை வாசப்படிலயே நின்னு சொல்லிக் குடுத்தேன்.

ஒரு விஷயம் கேக்கணும். துறைமுகத்துல வாங்குன, மீன் புடிக்கிற தங்கூசி நரம்புல ஒரு துத்தக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மூணு வாரம் வளத்தோமே, கட்டை விரல் அளவுக்கு வந்துச்சே, காஞ்சு வெளுத்துடக் கூடாதுன்னு நெயில் பாலிஷ் கூட பூசுனோம். லேப் பீரோ மேல் தட்டுல சார் வச்சிருந்தாரு. ஊர்ல இருக்குறவங்க யாராச்சும் போய்ப் பாத்து, இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்கப்பா.